இரண்டாவது பதில்

"முருங்கையிலை முடிஞ்சுது பிள்ளை" என்று கடைக்கார அண்ணை சொன்னார். நான் அடுத்த கடைக்குப் போகத் திரும்பினேன். என்னோடு வந்த அவள் அசையவில்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு, பாரிஸின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் போய்வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வேறு இரண்டு பேரை அனுப்பி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "அண்ணை, உள்ளுக்கை ஒருக்கா பாருங்கோவன்" என்றாள். அவர் உள்ளே போகக்கூட இல்லை. மேசைக்குக் கீழே கையை விட்டு, ஈரத்தாளில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வைத்தார். யாருக்கோ ஒதுக்கி வைத்தது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "முதல் பதில் எல்லாருக்கும் சொல்ல வைச்சிருக்கிறது. ரெண்டாவதைத்தான் எங்களைப் பாத்து யோசிச்சுச் சொல்லுவினம்."

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பது. பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த உடுப்புக் களஞ்சியத்தில் இருவரும் வேலை செய்தோம். சட்டைகளில் விலை அட்டை கோப்பது, பைகளில் இடுவது, பெட்டி கட்டுவது. நான் மன்னாரில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஒருமுறை இல்லை என்றால் இல்லைதான். கேட்டதற்கே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு. அதனாலேயே அவளோடு வெளியே போகும்போது கூச்சமாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

இதை எழுதுவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். இப்போது அவள் பாரிஸில் இல்லை, பிரான்ஸின் தெற்கே வேறொரு நகரத்தில் இருக்கிறாள். வேண்டாம் என்றாள். அவளிடம் படித்த பழக்கத்தில் இன்னொரு தரம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்போதும் வேண்டாம் என்றாள். ஆகவே இங்கே அவளுக்குப் பெயர் இல்லை.

முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அவளுடைய தோள்களைத்தான் பார்ப்பார்கள். வலது தோள் இடதைவிட மூன்று விரல் உயரத்தில் இருக்கும். பின்னால் ஒரு பக்கத் தோள்பட்டை மேலங்கியையும் தள்ளிக்கொண்டு துருத்தும். தன் சட்டைகளை அவளே திருத்தித் தைப்பாள். ஒரு பக்கத்தை இரண்டு விரல் நீளமாக விட்டால்தான் உடம்பில் போட்டபின் கீழ்விளிம்பு நேராக நிற்கும். கொடியில் காயும்போது பார்த்தால் பிழையாகத் தைத்த சட்டை போல இருக்கும்.

பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைகிறது, வளரும் வயது முடியும்வரை இறுக்கமான ஒரு கவசம் போடவேண்டும் என்று சொன்னாராம். கவசத்துக்கு அளவெடுக்க நாளும் குறித்தாயிற்று. அந்த நாளுக்கு முன்பே குடும்பம் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய்விட்டது. "அந்த டொக்டர் மட்டும் இடம்பெயராமல் இருந்திருப்பார், அளவு நாடாவோடை என்னைப் பாத்துக்கொண்டு" என்று சிரிப்பாள்.

சண்டை முடிந்த வருடத்தை அவளை விட்டுவிட்டு என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி. அவளுடைய அம்மாவும் தம்பியும் சண்டை நடந்த இடத்துக்குள்ளே இருந்தார்கள். பல வாரங்களாகத் தகவல் இல்லை. காணாமற்போனவர்களின் பெயர்ப் பட்டியல் வைத்திருந்த ஓர் அலுவலகத்துக்கு, பிரெஞ்சு பேச என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கணினிக்கு முன்னால் இருந்த இளைஞர் அம்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். நான் நன்றி சொல்லி எழுந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எப்பிடி எழுத்துக் கூட்டினவர் எண்டு கேளும்."

கேட்டேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, அம்மாவின் பெயரை ஆறு விதமாக எழுதினாள். "அங்கை எழுதினவனும் அவசரத்திலை தன்ர காதுக்குக் கேட்டதைத்தான் எழுதியிருப்பான். எல்லாத்தையும் போட்டுப் பாக்கச் சொல்லும்." பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சலித்துக்கொண்டார். நான்காவது எழுத்துக்கூட்டலில் அம்மா வந்தார். வவுனியாவில் ஒரு முகாம், கூடார இலக்கம்கூட இருந்தது.

அவள் அழவில்லை. உறையைத் திருப்பி, தம்பியின் பெயரை ஆறு விதமாக எழுதினாள். ஆறிலும் அவன் இல்லை.

அதற்குப் பிறகு மாதந்தோறும், முதல் செவ்வாய்க்கிழமை, வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போவாள். அங்கே மட்டும் அவளுக்கு முதல் பதிலும் இரண்டாவது பதிலும் ஒன்றாகவே இருந்தன.

தன் முதுகைப் பற்றி மட்டும் அவள் யாரையும் எதுவும் கேட்காமல் இருந்ததை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. நோவு கூடும்போது மாத்திரை போட்டுக்கொள்வாள். லா சப்பல் மெத்ரோ நிலையத்தின் படிகளில் ஏறும்போது ஒருதரம் நின்று மூச்சு வாங்குவாள். பிறகு இரண்டு தரம் நின்றாள். மூன்றாவது தரம் நின்ற நாளில் நான் கேட்டேன்: "டொக்டரிட்டைக் காட்டினனீரோ?"

"சின்னனிலை காட்டினது."

"இப்ப?"

"இப்ப என்ன சொல்லப் போகினம்? பிந்திப் போச்சு எண்டுதான்."

அவள் சொல்லக் கேட்ட பதில்களிலேயே சோம்பலான பதில் அது. ஆனாலும் வழக்கம்போல நான் அதை ஏற்றுக்கொண்டேன். அவளை வைத்தியரிடம் அனுப்பியது களஞ்சியத்தின் மேற்பார்வைக்காரர்தான். ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டு அவள் முகம் வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்து, வைத்தியரின் கடிதம் இல்லாமல் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரே படத்தை அவளுடைய சமையலறைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. மேலே வலப்பக்கம் ஒரு பெரிய வளைவு, கீழே அதைச் சரிக்கட்டுவதற்கு இடப்பக்கம் இன்னொன்று. அறுபத்தெட்டுப் பாகை என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எஸ் எண்டு சொல்லினம். தமிழிலை எந்த எழுத்து எண்டு யோசிக்கிறன். ட மாதிரி மடிஞ்சிருந்தாலாவது ஒரு ஒழுங்கு இருந்திருக்கும்" என்றாள்.

முதல் வைத்தியர் வயதானவர், அமைதியானவர். வளைவு வருடத்துக்கு வருடம் கூடுகிறது, நுரையீரலை நெருக்கத் தொடங்கிவிட்டது, இனிக் காத்திருப்பது நல்லதல்ல என்றார். திருகாணிகள் பூட்டி, இரண்டு கம்பிகள் வைத்து, எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டும். மேலிருந்து இடுப்புவரை முழுவதும். நடக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் முதுகு பலகை போல இருக்கும், வளையாது. ஒவ்வொரு வசனமாக நான் தமிழில் சொன்னேன்.

"கொஞ்சமும் வளையாதோ எண்டு கேளும்."

கேட்டேன். கொஞ்சமும் வளையாது என்றார்.

லிஃப்டில் இறங்கினோம். கீழே, கதவு திறந்ததும் சொன்னாள்: "நல்ல மனிசன். எண்டாலும் இன்னொரு ஆளைக் கேப்பம்."

இன்னொரு வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்க ரான்டேவூ கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகாது என்றேன். மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவைத்திருக்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இதே சத்திரசிகிச்சை செய்து, இப்போது நீச்சலடிக்கிறாளாம் என்றேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஒண்டும் ஆகாதெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப ஏன் சொல்லுறீர்?"

நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"எனக்கு வேண்டியது வேறை. பயம் வந்தா என்ர காது அடைச்சுப் போகுது. டொக்டர் கதைக்கேக்கை பாதிதான் விளங்கினது. ஒரு கொப்பி வாங்கும். அவை சொல்லுறதை ஒண்டும் விடாமல் எழுதும். நான் பேந்து வீட்டை போய் வாசிப்பன்."

லா சப்பலில் ஒரு பச்சை அட்டைக் கொப்பி வாங்கினேன். அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்லவில்லை, எழுதினேன்.

இரண்டாவது வைத்தியர் ஒரு பெண். உயரம் குறைந்தவர், ஓட்டச் சப்பாத்து போட்டிருந்தார். எங்களுக்குள் அவரைச் சின்ன வைத்தியர் என்போம். படங்களை நெடுநேரம் பார்த்தார். இடுப்புவரை போகத் தேவையில்லை என்றார். இடுப்புக்கு மேலே நாரிப் பகுதியில் மேலிருந்து கீழாக ஐந்து எலும்புகள் உண்டு, நான்காவதோடு நிறுத்தலாம், கீழே ஓர் எலும்பு மிச்சம் இருக்கும், அந்த இடம் மட்டும் வளையும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் பேனா ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"மூண்டிலை நிப்பாட்ட ஏலாதோ எண்டு கேளும்."

"இவ நல்ல பதில்தானே சொல்லியிருக்கிறா" என்றேன் தமிழில்.

"கேளும்."

கேட்டேன். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். மேசையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் வளைத்து எடுக்கிற படங்கள் இன்னும் சில வேண்டும் என்றார். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். கொப்பியில் நான் எழுதியது இப்போதும் இருக்கிறது: "மூன்றில் நிறுத்தலாம். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக இல்லை, எலும்பு இடம் கொடுக்கிறது என்பதால். ஆனால் நீங்கள் கேட்டிராவிட்டால் இந்தப் படங்களோடு நான் இவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டேன்."

வைத்தியசாலையை விட்டு வெளியே வந்து, வாகனங்கள் போகிற தெருவோரத்தில் நின்றுகொண்டு அவள் கையைக் கொட்டிச் சிரித்தாள். ஒரு எலும்பை வென்ற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அம்மாவுக்குச் சொன்னபோது அங்கிருந்து அழுகை வந்தது. அதற்குள் அம்மா முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தார். முள்ளந்தண்டில் கத்தி வைத்தால் கால் இழுத்துவிடும், அங்கே யாரோ ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று, இத்தனை வருடம் இருந்தாய்தானே, இன்னும் கொஞ்சம் இரு மோனை என்றார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கோபப்படவில்லை. "டொக்டரிட்டை எல்லாம் கேட்டிட்டன் அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சத்திரசிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. என்னென்ன நடக்கலாம் என்று அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழே கையொப்பம் கேட்டிருந்தார்கள். இரத்தப்போக்கு, கிருமித் தொற்று, கம்பி முறிதல். கால்கள் செயலிழப்பதும் இருந்தது. மிக அரிது என்றும் எழுதியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து அவளுடைய அறைக்குப் போய் அதை மொழிபெயர்த்தேன். அவள் தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"நான் செய்யேல்லை. திங்கக்கிழமை போன் பண்ணிச் சொல்லும், வேண்டாமாம் எண்டு."

"சரி" என்றேன்.

என் வீடு இருக்கிற ஸ்தேனுக்குப் போகிற பேருந்தில் அந்தச் "சரி" எனக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் உணவகத்தில் சமையல்காரர், அதிகம் பேசமாட்டார். "அவ சொன்னா, நீ சரியெண்டிட்டு வந்திட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கதவைத் தட்டினேன். தலைமுடியைக்கூட முடியாமல் வந்து திறந்தாள்.

"நேற்று நீர் சொன்னது முதல் பதில்" என்றேன்.

"என்ர கதையை எனக்கே திருப்பிச் சொல்லாதையும்."

"கால் போயிடுமெண்டு பயமோ?"

"ஆருக்குத்தான் பயமில்லை? ஆனா அதில்லை."

"அப்ப என்ன?"

அவள் சன்னல்பக்கம் திரும்பி நின்றாள். எக்ஸ்ரே படம் இன்னும் அங்கேதான் இருந்தது.

"நான் எழும்பேலாமல் போனா, இல்லாட்டிக் கண்ணே முழிக்காட்டி, தம்பியைப் பற்றி ஆர் கேக்கிறது? அம்மாக்கு இனி ஏலாது. மாசாமாசம் ஒரு ஆள் போய்க் கேட்டாத்தான் அவன்ர பேர் ஆரோ ஒருத்தரின்ர மேசையிலை கிடக்கும். கேக்கிறதை நிப்பாட்டினா அவன் இல்லையெண்டு எழுதிப்போடுவினம்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. முதுகைப் பற்றியே பேசிப் பேசி, அவள் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறாள் என்பதைக் கேட்க மறந்திருந்தேன்.

"நான் கேக்கிறன்" என்றேன்.

"நீரோ? ஒருக்கா இல்லையெண்டாலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாற ஆள் நீர்."

"பழகிறன். எங்கை, ஆரிட்டை, என்ன கேக்கிறது எண்டு எழுதித் தாரும்."

பச்சைக் கொப்பியை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். உட்கார்ந்தால் நோகும் என்பதால் நின்றபடியே மேசையில் சாய்ந்து எழுதத் தொடங்கினாள். மூன்று அலுவலகங்களின் விலாசங்கள். எந்தக் கிழமை கூட்டம் குறைவு. எந்த அலுவலர் பொறுமையானவர். தம்பியின் பெயர், ஆறு விதமாக. இடது முழங்கையில் இருந்த தழும்பு. இரண்டு பக்கம் நிறைந்தது. எழுதி முடித்துக் கொப்பியை என்னிடம் தந்துவிட்டு, அதே பேனாவால் வைத்தியசாலைத் தாளில் கையொப்பம் வைத்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்கு அவளைக் கொண்டு போனார்கள். நான் விடுப்புப் போட்டுவிட்டு நடைவழியில் இருந்தேன். மதியம் தாண்டியது. இரண்டு மணிக்குத் தாதியிடம் கேட்டேன். "இன்னும் சத்திரசிகிச்சை அறைக்குள்தான் இருக்கிறார்" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பிறகு எழுந்து மறுபடி போனேன். 

"உள்ளே இருக்கிறார் என்பது தெரியும் மதாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். திருகாணிகள் எல்லாம் பூட்டி முடிந்தது, இப்போது கம்பியை வைத்து நேராக்குகிறார்கள், கால்களுக்குப் போகிற நரம்புச் சமிக்ஞை நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கேட்டால் கிடைக்கிற சாமான் அது, நான் கேட்காமல் இவ்வளவு நேரம் தவித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்து மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. சின்ன வைத்தியர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கால்விரல்களை அசைக்கச் சொன்னார். போர்வைக்கு வெளியே பத்து விரல்களும் அசைந்தன. அவளுக்கு நகம் வெட்டிவிட்டது நான்தான், முந்தின நாள் மாலை. குனிய முடியாமல் போகும் என்று அதையும் திட்டமிட்டு வைத்திருந்தாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே ஏதோ முனகினாள். குனிந்து காது கொடுத்தேன்.

"மூண்டிலையோ நிப்பாட்டினவை?"

"ஓம். மூண்டிலைதான்."

அடுத்த நாள் அம்மாவின் அழைப்பு வந்தது. "கால் ஆடுதோ மோனை?" என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை அவரிடம். அவள் என்னிடம் கைத்தொலைபேசியைக் கால்மாட்டில் பிடிக்கச் சொன்னாள். குதிகாலால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டினாள். ஒரு கால், பிறகு மற்றக் கால். டங், டங். "கேட்டுதோ அம்மா?" அந்தப் பக்கம் அம்மா யாரையோ கூப்பிட்டு, இதைக் கேள், இதைக் கேள் என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது.

எல்லாம் அப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. மூன்றாம் நாள் நோவு தாங்காமல், "ஏன் என்னைச் செய்ய விட்டனீர்?" என்று என்னை ஏசினாள். என் கணவர் கொடுத்துவிட்ட சொதியை மணத்திலேயே வேண்டாம் என்றாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதினேன். நோவுக்கு மருந்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். இன்னொரு தரம், வேறு தாதியிடம் கேட்டேன். அவர் வைத்தியரை அழைத்து வந்தார்.

நான்காம் நாள், நடக்கப் பழக்குகிற கினே இரண்டு பக்கமும் பிடிக்க, அவள் எழுந்து நின்றாள். முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். நான் எதிரே நின்றேன். இத்தனை வருடமும் என் கண்ணுக்குக் கீழே இருந்த அவளுடைய கண்கள், இப்போது என் கண்ணுக்கு மேலே இருந்தன.

"நீர் இவ்வளவு கட்டையோ?" என்றாள்.

பிறகு அளந்தபோது ஐந்து சென்ரிமீற்றர் கூடியிருந்தது.

அவள் மறுவாழ்வு நிலையத்தில் இருந்த வாரங்களில், களஞ்சியத்துப் பெண்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அறைக்குப் போனோம். கீழ்த்தட்டுகளில் இருந்த சட்டி பானை, அரிசி, மா எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு மேலே ஏற்றினோம். அவள் தைத்து வைத்திருந்த கோணல் சட்டைகள் அலமாரியில் இருந்தன. ஒருத்தி அவற்றைப் பிரித்து, விளிம்பை நேராக்கித் தைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் செவ்வாய்க்கிழமை நான் அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக எதுவும் இல்லை என்றார்கள். வாய்வரை வந்த மன்னிப்பை விழுங்கிக்கொண்டு, "கடைசியாக எப்போது தேடினீர்கள்? இப்போது என் முன்னால் தேடலாமா?" என்று கேட்டேன். தேடினார்கள். ஆறு விதமாகவும் இல்லை. தேடிய நாளைக் கோப்பில் குறித்துக் கையொப்பம் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். அவளுக்கு அழைத்துச் சொன்னேன்.

"ஆறும் போட்டுப் பாத்தவையோ?"

"ஆறும்."

"நல்லாக் கேட்டிருக்கிறீர்" என்றாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் போல இன்னொன்று இல்லை. அடுத்த மாதம் அவளே போனாள், ஒரு கைத்தடியோடு. பதில் இன்றுவரை மாறவில்லை. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை. தெற்கிலிருந்து அவள் வரமுடியாத மாதங்களில் நான் போகிறேன்.

களஞ்சிய வேலை இனி முடியாது என்று ஆயிற்று. பாரம் தூக்கக் கூடாது. வேலை தேடித்தருகிற அலுவலகத்தில், இருந்தபடி செய்யக்கூடிய வேலை, தொலைபேசிக்குப் பதில் சொல்வது மாதிரி ஏதாவது பார்க்கலாம் என்றார்களாம். பஸ் ஓட்டுவதும் இருந்தபடி செய்கிற வேலைதானே என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்த அலுவலர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாராம். எனக்குச் சொன்னபோது நானும் அப்படித்தான் பார்த்தேன்.

"உமக்கு எப்ப இருந்து இந்த எண்ணம்?"

"மறுவாழ்வு நிலையத்துச் சன்னலாலை பாத்தா பஸ் திரும்புற இடம். ஒரு மாசமாப் பாத்தனான். ஓட்டுறவையும் நேராத்தான் இருக்கினம்."

அடுத்த இரண்டு வருடம் அதுதான் அவளுடைய வேலை. பிரெஞ்சு வகுப்பு, கார் அனுமதி, பிறகு பயிற்சிக்கு விண்ணப்பம். வைத்தியப் பரிசோதனையில், முதுகில் கம்பி உள்ளவருக்குப் பெரிய வாகனமா, முடியாது என்றிருக்கிறார் ஒருவர். அவள் எழவில்லை. அந்த வேலைக்கு என்னென்ன அசைவு வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றாகச் செய்து காட்டியிருக்கிறாள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினாள். உட்கார்ந்து எழுந்தாள். மிச்சம் வைத்திருந்த எலும்புகளில் வளைந்து, தரையில் விழுந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். சின்ன வைத்தியரின் கடிதத்தையும் மேசையில் வைத்தாள். மொழிபெயர்க்க அன்று நான் போகவில்லை. அவள் தனியாகத்தான் போனாள். பரிசோதித்தவர் கையொப்பம் வைத்தார்.

பயிற்சி முடிந்தது தெரியும். வேலைக்கு எடுத்தது தெரியும். எந்த வழித்தடம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை பின்னேரம், வேலை முடிந்து ஸ்தேனுக்குப் போகிற பேருந்தில் ஏறினேன். பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லிவிட்டுச் சீட்டைக் காட்டி உள்ளே நடந்தேன்.

"பொன்ஜூர் சொன்னா ஆளையும் பாக்கவேணும்" என்று பின்னாலிருந்து தமிழில் கேட்டது.

திரும்பினேன். சீருடை, கறுப்புக் கண்ணாடி, நேரான தோள்கள்.  பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு அருகில் முதல் இருக்கை காலியாக இருந்தது. அங்கே இருந்துகொண்டேன். பேருந்து நிறைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போய்வந்த ஆபிரிக்கப் பெண்கள், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. இரண்டாவது தரிப்பிடத்தில் எங்கள் ஆள் ஒருவர், வயதான அம்மா, மரக்கறிப் பையோடு ஏறினார். பிரெஞ்சில் ஏதோ கேட்கத் தொடங்கித் தடுமாறினார்.

"ஸ்தேனுக்குத்தான் போகுது அம்மா. அதிலை கம்பியைப் பிடியுங்கோ, பஸ்ஸை எடுக்கப் போறன்."

அம்மா கம்பியைப் பிடித்தார். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "பிள்ளையோ ஓட்டுறது?" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, தெரியாத ஒருவரிடம் நல்ல செய்தி சொல்வதுபோல, "எங்கட பிள்ளைதான் ஓட்டுது" என்றார்.

நான் இறங்கவேண்டிய இடம் வந்தது, போனது. அவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கடைசித் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அந்த அம்மா இறங்கும்போது அவளுடைய பக்கத்துக் கண்ணாடித் தட்டியைத் தொட்டுவிட்டுப் போனார்.

"உம்மட தரிப்பிடம் எப்பவோ போயிட்டுது" என்றாள்.

"தெரியும்."

"ஆக்களை வைச்சுக்கொண்டு திருப்பக் கூடாது. சட்டம்."

நான் அசையவில்லை. அவள் சிரித்தாள். கதவுகளை மூடினாள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தாள். பின்னால் ஆள் இல்லாத அந்த நீளப் பேருந்தை, பஸ் திரும்புகிற வட்டத்தின் விளிம்பைத் தொடாமல், ஒரே வீச்சில் வளைத்துத் திருப்பினாள்.